பதினொன்று இருபதுக்கு விழுந்த பச்சை

மனுவில் முதல் கையெழுத்து சம்யுக்தாவுடையது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னவர் இல்லக் கல்விப் பெற்றோர் சங்கத்தின் தலைவர் லோகநாதன். "மாவட்டத்துலயே அதிகப் பச்சை உங்க பாப்பாவுக்குத்தானுங்க. உங்க பேரு மேல இருந்தா மனுவுக்கே ஒரு கனம் வரும்" என்றார். சம்யுக்தா பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அடக்கம் என்று நினைத்து மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு போட்டாள். அவளுக்குக் கீழே இருநூற்றுப் பதினோரு பேர் போட்டார்கள்.

கிராமத்துப் பள்ளிகளையெல்லாம் மூடிப் பெரிய வளாகங்களாகச் சேர்த்து ஏழு வருடமாகியிருந்தது. தூரத்தில் இருந்த குடும்பங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க அரசு அனுமதித்தது, அதற்கு மாதாமாதம் கல்விப்படியும் தந்தது. படிக்காமலே படியை வாங்கிவிடக் கூடாதே என்று வந்ததுதான் நெற்றிப்பட்டை. ஒரு விஷயம் முதன்முதலாகப் புரிகிற நொடியில் மூளைக்குள் சின்னதாக ஒரு துடிப்பு எழுகிறது. ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொன்னால் அது எழாது. மனப்பாடம் செய்தாலும் எழாது. புரிந்தால்தான் எழும். அதைப் பட்டை பிடித்து, நெற்றி நடுவில் இருக்கும் சின்ன விளக்கைப் பச்சையாக எரிய வைக்கும். அரசாங்கத் தாள்களில் அதற்குத் துலக்கம் என்று பெயர். வீடுகளில் வெறும் பச்சை. கல்யாண வீட்டில், பஸ் நிறுத்தத்தில், பெற்றோர் சந்தித்தால் முதல் விசாரிப்பே "இந்த மாசம் எத்தனை பச்சை விழுந்துச்சு?" என்பதுதான். மாதம் நாற்பது விழ வேண்டும். நான்கு மாதம் தொடர்ந்து குறைந்தால் அனுமதி ரத்து, பிள்ளை வளாகப் பள்ளிக்குப் போக வேண்டும்.

ஈரோட்டில் மாவட்ட இல்லக் கல்வி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் திங்கட்கிழமை காலை முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அதிகாரி நஸ்ரின் பேகம். இருபது வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்துவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தவர். மனுவை இரண்டு முறை படித்தார்.

"மூணு கோரிக்கை. பதிவு பண்ண படிப்பறைக்கு வெளியே விழற பச்சையும் செல்லணும். பாடப்பட்டியல்ல இல்லாததுக்கும் படி தரணும். மூணாவதா, மாசாமாசம் பட்டையைச் சரிபார்க்க வேண்டாம், பெத்தவங்க எழுதிக் குடுத்தா போதும். இதுதானே?"

"ஆமாங்க மேடம்" என்றார் லோகநாதன். "பிள்ளைங்களை ஒரு ரூமுக்குள்ள உக்கார வெச்சு விளக்கு எரியுதா எரியுதான்னு பாத்துட்டே இருந்தா எப்படீங்க எரியும்?"

"முதல் ரெண்டையும் யோசிக்கலாம். மூணாவது கஷ்டம். பொதுப்பணம். ஏமாத்த மாட்டாங்கன்னு நான் எதை வெச்சு எழுதறது?"

லோகநாதன் சம்யுக்தாவைப் பார்த்தார். அவள் எழுந்தாள். பேச வேண்டியதை வீட்டிலேயே எழுதி வைத்திருந்தாள், ஆனால் தாள் தேவைப்படவில்லை.

"மேடம், காண்ட்ராக்டர் ஏமாத்தலாம். கடைக்காரர் ஏமாத்தலாம். பெத்தவங்க யாருங்க மேடம் பெத்த பிள்ளைய ஏமாத்துவாங்க? அவளோட படிப்பைத் திருடி எங்களுக்கு என்னங்க ஆகப்போகுது?"

கைதட்டினார்கள். அவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண் தொடையைத் தட்டி, "நல்லாச் சொன்னீங்கக்கா" என்றாள்.  சம்யுக்தா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினாள்.

நஸ்ரின் பேகம் மனுவை மடித்து வைத்தார். "நீங்க கேக்கறது நியாயம்தான். ஆனா மேல இருக்கறவங்களுக்கு வெறும் பேச்சு போதாது. ஒண்ணு பண்ணலாம். உங்க பிள்ளைங்கள்ல ஒருத்தரை நீங்களே சொல்லுங்க. பாடப்பட்டியல்ல இல்லாத ஒரு இடத்துக்கு, வர்ற சனிக்கிழமை, ஒரு மணி நேரம் கூட்டிட்டுப் போவோம். பச்சை விழுந்தா அதையே வெச்சு நான் எழுதறேன்."

எல்லோரும் சம்யுக்தாவின் பக்கம் திரும்பினார்கள்.

அவளுடைய மகள் அமிழ்தா அந்தப் பட்டையை நெற்றியில் கடைசியாகக் கட்டிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

சிவகிரிக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. வளாகப் பள்ளிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நாலாம் வகுப்பில் அமிழ்தா தினமும் வாந்தி எடுத்து, தூங்கிக்கொண்டே வீடு வந்து சேருவாள். கணவன் பிரணவ் சூரிய மின்பண்ணைகளில் பராமரிப்பு வேலையில் இருந்தான். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். சம்யுக்தா ஒரு நிதி நிறுவனத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் எந்தப் பொய்யும் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

முதல் மாதம் பதினொரு பச்சை. இரண்டாவது மாதம் ஒன்பது. மூன்றாவது மாதம் ஏழு. திரையில் பாடம் ஓடும், அமிழ்தா திரையைப் பார்ப்பாள், சம்யுக்தா அமிழ்தாவின் நெற்றியைப் பார்ப்பாள். "புரிஞ்சுதா? இப்பப் புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டும். விளக்கு எரியாது. அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்று சம்யுக்தா நன்றாகத் திட்டிவிட்டாள். அமிழ்தா அழுதுகொண்டே எழுந்து போனாள்.

பட்டைதான் கெட்டுப்போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கழற்றி வைத்திருந்ததை எடுத்துத் தன் நெற்றியில் கட்டிப் பார்த்தாள். திரையில் பின்ன வகுத்தல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டை அரையால் வகுத்தால் நான்கு. தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளியில் அப்படித்தான் செய்து மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. திரையில் ஒருவர் இரண்டு தோசைகளைப் பாதி பாதியாக வெட்டினார். இரண்டுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்டார். நான்கு துண்டு. அவ்வளவுதான். முப்பத்தாறு வயதில் சம்யுக்தாவுக்கு அது புரிந்தது. எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவள் நெற்றி பச்சையாக எரிந்தது.

பட்டை கெட்டுப்போகவில்லை. எந்தத் தலை என்று அது பார்ப்பதும் இல்லை. குழந்தைகளின் மூளையை அடையாளம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருந்தது. பெற்றோர்கள் போராடி வாங்கிய சட்டம்.

அந்த ஒரு மாதம் மட்டும் என்று நினைத்தாள். அனுமதி போய்விடக் கூடாது, பிள்ளை மறுபடி அந்தப் பஸ்ஸில் ஏறக் கூடாது. அமிழ்தாவிடம், "உனக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும் சாமி, பரவால்ல. இந்த மாசம் அம்மா கட்டிக்கறேன். நீ அவசரமில்லாம அப்புறம் படிக்கலாம்" என்றாள். மகள் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்றே அவளுக்குப் பட்டது. இருக்கவும் இருக்கலாம்.

அடுத்த மாதமும் கட்டினாள். நிலா ஏன் தேய்கிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது, ஒரு வாக்கியத்தில் எழுவாய் எதற்கு. பள்ளியில் வாய்ப்பாடாகக் கடந்து வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தது. காலை ஒன்பது மணிக்கு அறைக்குள் போனால் மதியம் வரை வர மாட்டாள். அமிழ்தா அரிசி களைந்து வைத்தாள். பிறகு ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாள். பதினோரு மணிக்குக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து டீ டம்ளரை உள்ளே வைத்துவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து கூப்பிட்டால் விரலை உதட்டில் வைத்து, "அம்மா படிக்கறாங்க" என்பாள். அந்தப் பெண் அதைப் பாடம் தயார் செய்வது என்று எடுத்துக்கொண்டாள். அமிழ்தாவின் பெயரில் மாதம் ஐம்பது, அறுபது, எழுபது பச்சை விழுந்தது. மாவட்டத்தில் முதலிடம் என்று சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சனிக்கிழமை என்ன நடக்கும் என்று சொன்னாள்.

"பட்டை நானா கட்டிக்கோணும்?" என்று கேட்டாள் அமிழ்தா. பதினோரு வயது முடியப் போகிறது.

"ஆமா கண்ணு. ஒரு மணி நேரந்தான்."

"பச்சை வராதேம்மா."

"வரலீன்னா தலை வலிக்குதுன்னு சொல்லிரு. மீதிய அம்மா பாத்துக்கறேன்."

"சரி" என்றாள் அமிழ்தா. "எனக்குத்தான் மெதுவா ஏறும்ல" என்று சேர்த்துக்கொண்டாள். வருத்தமாகச் சொல்லவில்லை. தன் உயரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

சனிக்கிழமை மஞ்சள் மண்டி. அந்த இடத்தைச் சொன்னவர் லோகநாதன். சங்கத்திலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். நஸ்ரின் பேகமும், கையில் பதிவுத் திரையுடன் ஓர் உதவியாளரும் வந்திருந்தார்கள். சரியாகப் பதினோரு மணிக்கு நஸ்ரின் பேகமே அமிழ்தாவின் நெற்றியில் பட்டையைக் கட்டினார். மண்டியில் தரகராக இருந்த சடையப்பன் என்பவர் அவளைச் சாக்குகளுக்கு நடுவில் கூட்டிப்போனார். பெரிய மனிதர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பிள்ளையிடம் மட்டும் பேசினார்.

ஒரு விரலி மஞ்சளை எடுத்து உடைத்தார். இன்னொன்றை உடைத்தார். "சத்தம் கேட்டியா பாப்பா? ரெண்டும் ஒண்ணா?"

"முதல்ல உடைச்சது கம்பி மாதிரி கேட்டுச்சு. இது மொத்துன்னு கேக்குது."

"ஏன்?"

அமிழ்தா இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாள். "இதுக்குள்ள இன்னும் தண்ணி இருக்குதா? தண்ணி இருந்தா எடை வருமே. அப்ப காசு குடுத்துத் தண்ணிய வாங்கற மாதிரி ஆயிருமா?"

விளக்கு எரிந்தது.

சம்யுக்தா முதலில் வெயில் என்று நினைத்தாள். மண்டிக்குள் வெயில் இல்லை. லோகநாதன் மெதுவாகத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது அமிழ்தாவுக்குத் தெரியாது. தன் நெற்றி விளக்கை யாராலும் பார்க்க முடியாது.

அடுத்து ஏலம். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலையும் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் ரகசியமாக விலையைப் பதிந்துகொண்டு நகர்ந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஏனுங்க மாமா, டிவியில ஏலம்னா கத்துவாங்க. இங்க ஏன் யாரும் கத்தறதில்லை?"

"கத்துனா என்னாகும்னு நீயே சொல்லு."

அவள் யோசித்தாள். சாக்கின் மேல் விரலால் எதையோ கோடு போட்டாள். "கத்துனா அடுத்தவரு அதுக்கு மேல ஒரே ஒரு ரூவா ஏத்திச் சொல்லுவாரு. ரகசியமா எழுதோணும்னா எவ்வளவு ஏத்தறதுன்னு தெரியாது. தனக்கு அது எவ்வளவு தேவையோ அவ்வளவையும் எழுதித்தான் ஆகோணும்."

மறுபடி எரிந்தது. சடையப்பன், "எம் பங்காளிக்கு இது வெளங்க அஞ்சு வருசம் ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அமிழ்தா கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினாள். சம்யுக்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். "அம்மா, எரியுதா?" என்று உதட்டை மட்டும் அசைத்து மகள் கேட்டாள். சம்யுக்தா தலையசைத்தாள். அவள் முகத்தில் வந்திருக்க வேண்டியது பெருமை. வந்தது ஆச்சரியம்தான், அதை அவளால் மறைக்க முடியவில்லை. அமிழ்தா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மணி நேரத்தில் பதினான்கு பச்சை.

மற்றவர்கள் அமிழ்தாவைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தபோது நஸ்ரின் பேகம் சம்யுக்தாவை மண்டி வாசலில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு டீ சொன்னார்.

"உங்க பொண்ணோட கடைசிப் பதினாலு மாசப் பதிவை எடுத்துப் பார்த்தேன். கேள்விக்கும் பச்சைக்கும் நடுவுல சராசரியா நாற்பது நொடி. இன்னைக்கு நாலு நொடி."

"வீட்ல கொஞ்சம் கூச்சப்படுவாளுங்க மேடம்" என்றாள் சம்யுக்தா. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

"இருக்கலாம்." நஸ்ரின் பேகம் டீயை ஆற்றினார். "நான் கணக்கு டீச்சரா இருந்தவ. பிள்ளைங்களுக்குள்ள காலி இடம் நிறைய. புதுசு வந்தா சட்டுனு உக்காந்துரும். பெரியவங்களுக்கு அப்படியில்ல. ஏற்கெனவே தப்பா ஒண்ணு அங்க உக்காந்திருக்கும். அதை எழுப்பிவிட்டுத்தான் புதுசு உக்காரணும். அதுக்கு ஒரு நாற்பது நொடி ஆகும்."

சம்யுக்தா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டை யாரோட தலைன்னு சொல்லாது. சட்டம் அப்படி. நானும் கேக்கல. வியாழக்கிழமை கோப்பு சென்னைக்குப் போகுது." டீக்குக் காசை வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

இனிமேல் பட்டையைத் தொடுவதில்லை என்று வீடு வருகிற வழியெல்லாம் சம்யுக்தா தீர்மானித்துக்கொண்டாள். நாளையிலிருந்து அமிழ்தாவே கட்டட்டும். விட்ட இடத்திலிருந்து படிக்கட்டும். நடந்தது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மகளை நாற்காலியில் உட்கார வைத்து, ஐந்தாம் வகுப்புப் பின்னங்களைத் திறந்தாள்.

திறக்கவில்லை. 'இப்பாடம் கற்று முடிக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. ஒருமுறை துலக்கம் பதிந்த பாடத்தைப் பட்டியல் மறுபடி தராது. ஒரே பாடத்துக்கு இரண்டு முறை படி போகக் கூடாது என்ற விதி. அடுத்த பாடத்தைத் தொட்டாள், அதுவும் அப்படியே வந்தது. நிலா, கப்பல், எழுவாய். ஆறாம் வகுப்பு முழுவதும். ஏழாம் வகுப்பு முழுவதும். எட்டாம் வகுப்பின் பாதி வரை எல்லாம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்தன.

அமிழ்தா அம்மாவின் விரல் போகும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் நீங்களே படிச்சுட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. சட்டியில் குழம்பு தீர்ந்துவிட்டதா என்று கேட்பது போல இருந்தது. "அப்ப எனக்கு எங்கிருந்து வரும்?"

சம்யுக்தாவால் அந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மூடியதைத் திறக்க ஒரே வழிதான் இருந்தது. பதிவை அழிக்கச் சொல்ல வேண்டும். காரணம் எழுத வேண்டும்.

அன்று மாலையே லோகநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் வெற்றிக்கூட்டத்துக்கு மண்டபம் பேசிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்ளா?"

"இல்லீங்கண்ணா."

"சொல்ல வேண்டாம்." கோபமே இல்லாமல் பேசினார். "நீங்க நல்லவங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு. பாப்பாவுக்குத் தனியா ஆள் வெச்சுச் சொல்லிக்குடுத்துக்கலாம், நானே ஏற்பாடு பண்றேன். ஆனா இப்ப நீங்க வாயத் தொறந்தா, பெத்தவங்க ஏமாத்த மாட்டாங்கன்னு சொன்ன அந்த வாயே ஏமாத்துனது ஆயிரும். இருநூத்திப் பன்னண்டு குடும்பம் அம்மிணி. உங்க ஒருத்தர் மனசு லேசாகறதுக்கு அத்தனை பேரு தலையிலயும் கல்லத் தூக்கிப் போடாதீங்க."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அதைப் பற்றிக்கொண்டு அப்படியே இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தாள். பிரணவ் செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்தான். சாப்பிட உட்கார்ந்தவனிடம் சொன்னாள். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"அவதான் எனக்கு டீ போட்டுக் குடுத்தா."

பாதிச் சோற்றோடு அவன் எழுந்தான். தட்டைத் தானே கழுவி வைத்தான். பிறகு மகள் இருந்த அறைக்குப் போய் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துகொண்டான். அவன் சத்தம் போட்டிருந்தால் சம்யுக்தா தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை பத்து மணிக்கெல்லாம் அலுவலகத்தில் இருந்தாள். வீட்டில் எழுதினால் மனம் மாறிவிடும் என்று, நஸ்ரின் பேகத்தின் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து கையால் எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. அதிகாரி படித்து முடித்து, தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? இது கோப்புக்காக இல்லை. உங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சா?"

சம்யுக்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒன்றரைப் பக்கத்தில் அவள் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க மேடம்." பேனாவை மூடி வைத்தாள். "முதல் மாசம் பாப்பாவுக்காகன்னு சொல்லலாமுங்க. ரெண்டாவது மாசங்கூடச் சொல்லலாம். அதுக்கப்புறம் எனக்காகத்தான். அவ சமையக்கட்டுல பாத்திரம் தேய்க்கற சத்தம் கேக்கும். இன்னும் ஒரே ஒரு பாடம்னு இருப்பேன். அவளுக்கு ஏறாதுன்னு நான் நெசமா நம்புனனா, இல்ல அப்படி நம்புனா எனக்குத் தோதா இருந்துச்சான்னு இப்பவும் தெரியலீங்க."

"பெரியவங்களுக்கும் ஒரு பட்டை குடுத்திருக்கலாம்" என்றார் நஸ்ரின் பேகம். "அதை யாரும் மனுவுல கேக்கல." தாளைக் கோப்பில் சேர்த்தார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மண்டியில் விழுந்த பதினான்கு பச்சையும் உண்மை என்பதால் முதல் இரண்டு கோரிக்கைகளும் ஏற்கப்பட்டன. பெற்றோர் சொல்லை நம்பும் மூன்றாவது கோரிக்கை தள்ளுபடி. அதோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி வீட்டுக்கே வந்து பிள்ளையின் நெற்றியில் பட்டையைக் கட்டிப் பார்ப்பார் என்று புதிய விதியும் வந்தது. பெற்றோர்கள் அதற்குச் சம்யுக்தா சோதனை என்று பெயர் வைத்தார்கள். இந்த மாசம் சம்யுக்தா எப்ப வர்றா என்று கேட்டுக்கொண்டார்கள். சங்கக் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்தார்கள். லோகநாதனைச் சந்தையில் ஒருநாள் எதிரே பார்த்தாள். அவர் பழக்கடைப் பக்கம் திரும்பி, விலை கேட்டுக்கொண்டு நின்றார். அவள் கடந்து போகும் வரை திரும்பவில்லை.

அவர்களுடைய அனுமதி இரண்டு வருடத்துக்கு ரத்தானது. அமிழ்தாவின் பதிவு சுத்தமாக அழிக்கப்பட்டது. வளாகப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்பில் எல்லோருக்கும் பத்து வயது, அவளுக்குப் பன்னிரண்டு. உயரம் என்பதால் கடைசி பெஞ்சு. முதல் வாரம் முழுக்கப் பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். இரண்டாவது வாரம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் வருவதில்லை என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். காலை ஆறே முக்காலுக்குச் சம்யுக்தா நிறுத்தம் வரை கூட வருவாள். சில நாள் அமிழ்தா பேசிக்கொண்டே வருவாள். சில நாள் பத்தடி முன்னால் நடப்பாள்.

ஒரு சனிக்கிழமை தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். மண்டியில் அந்த ஒரு மணி நேரத்தின் பதிவு. ஓரத்தில் நஸ்ரின் பேகத்தின் கையெழுத்தில், 'இது மட்டும் உங்கள் மகளுடையது. அழிக்கவில்லை' என்று இருந்தது.

ஒவ்வொரு பச்சைக்கும் எதிரே அது விழுந்த நேரமும், எத்தனை நொடி எரிந்தது என்பதும், அந்த நேரத்தில் யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதும் இருந்தன. மஞ்சளின் சத்தம், மூன்று நொடி. ஏலம், நான்கு நொடி. அதற்கு அடுத்த வரி, பதினொன்று இருபது. எதிரே, 'யாரும் எதுவும் சொல்லவில்லை' என்று இருந்தது. விளக்கு பத்தொன்பது நொடி எரிந்திருந்தது. பதினான்கில் அதுதான் நீளமானது.

சம்யுக்தா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த நேரம் அது. பிள்ளை சம்யுக்தாவின் முகத்தில் வந்த ஆச்சரியத்தையே பார்த்துக்கொண்டு நின்ற நேரம்.

அமிழ்தா கூடத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நோட்டில் இரண்டு வட்டங்கள் போட்டு, நடுவில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். சம்யுக்தா தாளை அவள் முன்னால் வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த பதினொன்னு இருபதுக்கு உனக்கு என்ன கண்ணு புரிஞ்சுது?"

அமிழ்தா எல்லா வரிகளையும் நிதானமாகப் படித்தாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. சம்யுக்தா காத்திருந்தாள்.

அமிழ்தா தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"அது எனக்குன்னே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.